சித்தனை யாரும் மனிதனாக்கவில்லை

2003 தீபாவளிக்கு வந்த படம் 'பிதாமகன்'. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இத்தனை காலத்தில் அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், பேசிவிட்டார்கள். எங்கே தொடங்கினாலும் பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: சுடுகாட்டில் மிருகம்போல வளர்ந்த ஒருவனை ஒரு நண்பனின் அன்பு மனிதனாக மாற்றியது, அந்த நண்பனைக் கொன்றதும் அவன் மறுபடி மிருகமானான். தொலைக்காட்சியில் படம் ஓடும்போது வரும் அறிமுகம் இதைத்தான் சொல்கிறது. படத்தை இயக்கிய பாலாவைக் கொண்டாடுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். பாலாவைப் பிடிக்காதவர்களும், குரலில் வேறுபாடு இருந்தாலும், இதையேதான் சொல்கிறார்கள்.

இந்த வாசிப்பு தவறு என்பது என் கருத்து. படத்தில் நடப்பதற்கு இது பொருந்தவில்லை. அதைவிட முக்கியமாக, சுடுகாட்டில் வேலை செய்கிறவனைப் பற்றி நம் ஊர் காலம்காலமாக வைத்திருக்கும் எண்ணத்தை ஒரு நல்ல படத்தின் பெயரால் மறுபடி நிலைநாட்டுகிறது. பாராட்டு என்ற பெயரில் சொல்லப்படுவதால் அது இழிவு என்பதே நமக்கு உறைப்பதில்லை.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயானத்தில் ஒரு பெண் ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். அங்கே வேலை செய்யும் பெரியவர் அந்தப் பிள்ளையை எடுத்து வளர்க்கிறார். அவன்தான் சித்தன், விக்ரம் நடித்த பாத்திரம். வளர்த்தவர் போன பிறகு சித்தன் ஊருக்குள் வருகிறான். கஞ்சா விற்கும் கோமதி அவனுக்கு இடம் கொடுக்கிறாள். கஞ்சாத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்கிறான். போலீஸ் வந்ததும் சிறைக்குப் போகிறான். அங்கேதான் சக்தியைச் சந்திக்கிறான். ஊர் ஊராகச் சுற்றி ஆட்களை ஏமாற்றிப் பிழைக்கும் சக்தியாக வந்தவர் சூர்யா. அவனிடம் ஏமாந்த மஞ்சு என்ற பெண்ணால்தான் அவனும் உள்ளே வந்திருக்கிறான். வெளியே வந்தபின் சித்தன், சக்தி, கோமதி, மஞ்சு நால்வரும் ஒரு குடும்பம்போல ஆகிறார்கள். நண்பனுக்காகத் தோட்ட முதலாளியை எதிர்க்கத் துணிந்த சக்தி கொல்லப்படுகிறான். சித்தன் அந்த முதலாளியைக் கொன்றுவிட்டுத் தனியே நடந்து போய்விடுகிறான்.

இதில் சித்தன் எப்போது மிருகமாக இருந்தான்?

படத்தின் தொடக்கத்தில் நாம் பார்ப்பது ஒரு தொழிலாளியை. பிணம் எரிப்பது என்பது தீக்குச்சியைக் கிழித்துப் போடும் வேலை என்று அதைச் செய்யாதவர்கள் நினைத்துக்கொள்கிறோம். கொள்ளி வைக்கிற மகன் குடத்தை உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறான். உறவினர்கள் ஆற்றிலோ குழாயடியிலோ தலை முழுகிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. விறகை எப்படி அடுக்கினால் அடியில் காற்று போகும், வறட்டியை எங்கே வைத்தால் சீராகப் பிடிக்கும், வைக்கோல் போட்டு மேலே எவ்வளவு மண் பூசினால் சூடு உள்ளே நிற்கும், நெஞ்சாங்கட்டையை எந்தக் கனத்தில் வைக்க வேண்டும், இதெல்லாம் கைக்குத் தெரிய வேண்டும். பாதி எரியும்போது தசை சுருங்கி உடல் எழும்பும். அதைக் கம்பால் தட்டிப் படுக்க வைக்க வேண்டும். நெஞ்செலும்பும் இடுப்பெலும்பும் லேசில் வேகாது. நள்ளிரவில் பக்கத்தில் நின்று புரட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் வறட்டி நனைந்துவிட்டால் ஒரு பிணத்துக்கு ஒரு இரவு முழுக்கப் போய்விடும். மறுநாள் காடாத்துக்கு வருகிறவர்கள் கையில் வெள்ளை எலும்பு சுத்தமாகக் கிடைக்க வேண்டும். அது கிடைக்கும்படி செய்பவனுக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை.

இத்தனையும் ஒருவன் தெரிந்துவைத்திருக்கிறான் என்றால் அவனுக்கு ஓர் ஆசான் இருந்திருக்கிறார் என்று பொருள். சித்தனுக்கு இருந்தார். பெற்றவள் இல்லாத பிள்ளையை அவர் பால் ஊற்றி வளர்த்திருக்கிறார், தொழிலைக் கற்றுக் கொடுத்திருக்கிறார், இறந்தவருக்காகப் பாடக் கற்றுக் கொடுத்திருக்கிறார். சித்தனுக்குப் பேச்சு வராது என்று சொல்கிறவர்கள் அவன் பாடுவதை ஏன் கணக்கில் எடுப்பதில்லை? முன்பின் தெரியாத ஒருவரின் உடல் முன்னால் நின்று, அவருக்காக ஒருவன் மனம் உருகிப் பாடுகிறான். மனிதத்தன்மை என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் எனக்குத் தெரியவில்லை. சக்தி அவன் வாழ்க்கைக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது அவனிடம் இருக்கிறது.

அப்படியானால் அவனிடம் இல்லாதது எது? காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது தெரியாது. ஆளைப் பார்த்துக் குரலை மாற்றத் தெரியாது. அதிகாரி முன்னால் எப்படி நிற்க வேண்டும், அடி விழுந்தால் எப்போது கெஞ்ச வேண்டும் என்பது தெரியாது. மொத்தத்தில் அடங்கிப் போகத் தெரியாது. ஊருக்குள் வந்ததும் அவனை எல்லோருக்கும் பயங்கரமாகக் காட்டுவது இதுதான். அடங்காதவனை மிருகம் என்று சொல்வது ஊரின் பழக்கம். அந்தப் பழக்கத்தை விமர்சகர்களும் ரசிகர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் படத்தின் மீது எனக்கு உள்ள பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் கிராமங்களில் மயான வேலை யாரும் தேர்ந்தெடுத்த தொழில் அல்ல. சாதி அந்த வேலையைச் சில குடும்பங்களின் தலையில் சுமத்தியது. தகப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். மாட்டேன் என்று சொன்னவர்கள் ஊர்க் கட்டுப்பாட்டையும் அடியையும் சந்தித்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்கிறவருக்கு அடங்கி நிற்பது நன்றாகவே தெரியும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிணத்துக்குச் சொந்தக்காரர்கள் பேரம் பேசி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அவருக்குச் சிறுவயதிலேயே கற்றுத் தரப்படும் பாடம். அவர் கேட்கும் கூலியைவிடக் குறைத்துக் கொடுப்பதை ஒரு சாமர்த்தியமாக நினைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இந்த உண்மை எதுவும் சித்தனைத் தொடவில்லை. அவன் எங்கிருந்தோ வந்த ஒரு பெண்ணுக்குப் பிறந்தவன். அவனுக்குச் சாதி இல்லை, சேரி இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை. நம் ஊரில் சாதியோடு மிக இறுக்கமாகக் கட்டப்பட்ட வேலைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சாதியை மட்டும் கழற்றிவிட்டார் பாலா.

இந்தப் பழக்கம் பாலாவோடு தொடங்கவில்லை. அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தைத் தெருக்கூத்தில் விடிய விடிய பார்த்த சமூகம் நாம். பல ஊர்ச் சுடுகாடுகளின் முகப்பில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல்லோ சிறு கோயிலோ நிற்கிறது. பாடையை அங்கே இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டு போவார்கள். கதையில் அந்த மயானத்தைக் காப்பவன் ஓர் அரசன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற நாட்டை இழந்து, மனைவி மகனைப் பிரிந்து, சுடுகாட்டுக்காரரிடம் வேலைக்கு வந்தவன். தன் மகனின் உடலை எரிக்க வரும் மனைவியிடமே கால் பணமும் முழத்துண்டும் கேட்கிறான். கேட்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். கடைசியில் கடவுள் தோன்றி, மகனை எழுப்பி, நாட்டைத் திருப்பித் தருகிறார். அரசன் அரண்மனைக்குப் போய்விடுகிறான். அவனுக்கு வேலை கொடுத்த சுடுகாட்டுக்காரர் அங்கேயேதான் இருக்கிறார். அவருக்காக யாரும் அழுததில்லை. மயானத்தில் நிற்பவன் அரசனாக இருந்தால் கண்ணீர், சித்தராக இருந்தால் வணக்கம், மிருகமாக இருந்தால் பயம். கூலிக்காரனாக மட்டும் அவனை நாம் பார்க்க மாட்டோம்.

ஜெயகாந்தன் பார்த்தார். 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' என்ற அவருடைய சிறுகதையைப் 'பிதாமகனு'க்கு வித்து என்று பலர் சுட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையின் ஆண்டி குழி வெட்டுகிறவன். அவனுக்கு மனைவி இருக்கிறாள், ஆசையாய்ப் பெற்ற ஒரு மகன் இருக்கிறான். குழந்தைகளைப் புதைக்கும் இடத்திலேயே குடியிருந்தும் மகிழ்ச்சியாகப் பாடிக்கொண்டே வேலை செய்கிறவன். சாவு அவனைத் தொடுவதே இல்லை, தன் மகன் இறக்கும்வரை. அதற்குப் பிறகு அங்கே வரும் ஒவ்வொரு குழந்தையும் அவன் குழந்தையாகிவிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் அழுகிறான். அந்தக் கதையைப் படித்துவிட்டு ஆண்டியை மிருகம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அவனுக்கு வீடு இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, பிள்ளைப் பாசம் இருக்கிறது. படத்தின் சித்தனிடமிருந்து இவற்றையெல்லாம் எடுத்துவிட்டதால்தான் உறுமலும் கோணிய நடையும் கறை படிந்த பல்லும் அந்த இடத்தை நிரப்பின.

இங்கே ஒரு மறுப்பு வரும். உறுமுவதும் கடிப்பதும் படத்திலேயே இருக்கிறதே, இயக்குநரே அவனை அப்படித்தானே காட்டுகிறார், பார்ப்பவனைக் குறை சொல்லி என்ன பயன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆம், படம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் விக்ரமின் நடிப்பைக் கவனித்துப் பாருங்கள். அந்த ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. ஏறக்குறைய வசனமே இல்லாத வேடத்துக்குக் கிடைத்த விருது. எல்லோரும் அந்த உடல்மொழியைப் புகழ்ந்தார்கள், பலகுரல் மேடைகளில் அதைப் போலி செய்தார்கள். அவருடைய நடிப்பின் உயரம் உறுமும் இடங்களில் இல்லை என்பேன். சக்தி வளவளவென்று பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களில் இருக்கிறது. அந்தக் கண்ணில் ஒன்றும் புரியாதவனின் மருட்சி இல்லை. எதிரே இருப்பவனை எடைபோட்டுக்கொண்டிருக்கும் ஒருவன் இருக்கிறான். வளர்த்தவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் நம்பிப் பழகாத ஒருவன், இந்த ஆளை நம்பலாமா என்று யோசிக்கிறான். யோசித்து முடிவு செய்கிறான். நட்பு அவனுக்கு நேர்ந்துவிடவில்லை. அவன் அதைத் தேர்ந்தெடுக்கிறான். தேர்ந்தெடுக்கத் தெரிந்தவனை எப்படி மிருகம் என்பது?

சக்தியின் பக்கம் வருவோம். பொதுவான வாசிப்பில் அவன் கொடுப்பவன், சித்தன் பெறுபவன். சூர்யாவின் துடிப்பும் அந்தப் பாத்திரத்தின் கலகலப்பும் இந்த எண்ணத்தை வலுப்படுத்துகின்றன. ஆனால் சக்தி யார்? பேச்சை மூலதனமாக வைத்துப் பிழைப்பவன். எதிரே இருப்பவரின் ஆசையைக் கண்டுபிடித்து அதன் வழியாக உள்ளே நுழைவதுதான் ஏமாற்றுத் தொழிலின் அடிப்படை. சித்தனிடம் அந்த வாசல் இல்லை. அவனுக்குக் காசு வேண்டாம், புகழ்ச்சி வேண்டாம். சக்தியின் தொழில் செல்லுபடியாகாத மனிதன் அவன். அப்படி ஒருவன் முன்னால் மட்டும்தான் சக்தியால் தொழிலை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடிகிறது. சிறையில் அவன் சித்தனை விடாமல் ஒட்டிக்கொள்வதை இரக்கம் என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவை இல்லாமல் பேசுவதற்கு அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

அதன் விளைவைப் பாருங்கள். படம் தொடங்கும்போது யாரைப் பற்றியும் கவலைப்படாத சக்தி, படத்தின் இரண்டாம் பகுதியில் இன்னொருவனின் எதிர்காலத்துக்குப் பொறுப்பேற்கிறான். சித்தன் அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போகக் கூடாது என்று நினைக்கிறான். அதற்காக, நழுவிப் பழகிய ஒருவன் முதல்முறையாக நழுவாமல் நிற்கிறான். உயிரும் போகிறது. இந்த நட்பில் பெரிய மாற்றம் அடைந்தவன் யார் என்று கேட்டால் சக்தி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். சித்தன் தன்னிடம் இருந்த ஒட்டுதலை இன்னொருவரிடம் வைக்கக் கற்றுக்கொண்டான். சக்தியோ தன் வாழ்க்கையின் போக்கையே மாற்றிக்கொண்டான். ஆனால் சிரித்துப் பேசுகிறவன் ஆசிரியன், பேசாதவன் மாணவன் என்று நாம் முன்பே தீர்மானித்துவிட்டதால் இது நம் கண்ணில் படவில்லை.

இரண்டு ஒதுக்கப்பட்டவர்களின் நட்பு என்று சொல்கிறபோது இன்னொரு பெரிய அநியாயமும் நடக்கிறது. கோமதியை மறந்துவிடுகிறோம். சங்கீதா நடித்த அந்தப் பாத்திரம் படத்தின் ஆதாரம் என்பது என் எண்ணம். சக்தி சித்தனைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, ஊரே அடித்து விரட்டும் ஒருவனைக் கோமதி பார்க்கிறாள். அவனுக்குச் சோறு போடுகிறாள், இருக்க இடம் தருகிறாள், ஒரு வேலை வாங்கித் தருகிறாள். அவளும் ஒதுக்கப்பட்டவள்தான். கஞ்சா விற்கும் பெண்ணுக்கு ஊரில் என்ன மரியாதை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்க வருகிறவர்களே மறைந்து வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப்பட்டவள் எந்தப் பலனும் எதிர்பார்க்காமல் ஒருவனைத் தாங்குகிறாள். சித்தனை மனிதனாக்கியது நட்பு என்று எழுதுகிறவர்கள், சக்தி வருவதற்கு முன் அவனை மனிதனாக நடத்திய அவளை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். ஆண்கள் இருவர் தோளில் கைபோட்டுக்கொண்டால் அதற்கு நட்பு என்று பெயர், பாட்டு உண்டு, பெருமை உண்டு. பெண் ஒருத்தி அதையே செய்தால் அது அவள் குணம், அவள் கடமை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கதையில் அதிகமாகச் சுமக்க வேண்டியவளும் அவள்தான். நல்லது நினைத்துத்தான் சித்தனுக்கு அந்தத் தோட்டத்தில் வேலை வாங்கிக் கொடுத்தாள். அந்த வேலைதான் அவனைச் சிறைக்கு அனுப்பியது. அந்தத் தோட்டத்தின் முதலாளிதான் சக்தியைக் கொன்றான். இந்த நினைப்போடு ஒருத்தி எப்படி வாழ்வாள்? படம் இதற்குள் போயிருக்கலாம். போகவில்லை. மஞ்சுவின் குறும்புக்கும், கௌரவ வேடத்தில் வரும் சிம்ரனோடு பழைய பாடல்களுக்கு ஆடும் ஆட்டத்துக்கும் கிடைத்த நேரத்தில் ஒரு பகுதி கோமதிக்குக் கிடைத்திருந்தால் 'பிதாமகன்' இன்னும் ஒரு படி மேலே போயிருக்கும்.

படத்தில் என்னை மிகவும் அசைத்த விஷயத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. தோட்டம் ஒருவனுடையது, பயிர் ஒருவனுடையது, லாபம் ஒருவனுடையது. சட்டம் வந்து கையைப் பிடித்தபோது உள்ளே போனவன் சித்தன். தான் செய்வது குற்றம் என்றுகூட அறியாத கூலி. நம் நாட்டில் கஞ்சா வழக்குகளில் பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பயிரைப் பறித்தவர்கள், சுமந்தவர்கள், பொட்டலம் விற்றவர்கள் என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். நிலத்துக்குச் சொந்தக்காரர் பெயர் அரிதாகத்தான் வெளியே வருகிறது. பாலா இதை ஒரு வசனமும் இல்லாமல், நடப்பை நடப்பாகக் காட்டிவிட்டுப் போகிறார். இருவரும் சந்திக்கும் இடம் சிறை என்பது தற்செயல் அல்ல. சித்தனும் சக்தியும் வேறு எங்கும் சந்தித்திருக்க முடியாது. வெளியே ஒருவன் சுடுகாட்டில், ஒருவன் சந்தையில். இருவரையும் ஒரே தரையில் உட்கார வைக்கும் நிறுவனம் அது ஒன்றுதான். இந்த நட்பை வெறும் மனநெகிழ்ச்சியாகப் பார்த்தால் அதன் அடியில் இருக்கும் இந்தக் கணக்கு தவறிவிடும்.

முடிவைப் பற்றிப் பேசாமல் இந்த வாதம் முழுமையாகாது. சக்தியின் உடல் வந்து சேர்கிறது. சித்தன் போய் முதலாளியைக் குதறிக் கொல்கிறான். திரையரங்குகளில் அன்று எழுந்த ஆரவாரம் இன்றும் அந்தக் காட்சிக்கு எழுகிறது. படத்தின் உச்சம் அதுதான் என்பது பொதுக் கருத்து. அந்த முடிவு படம் அதுவரை கட்டியதை இடித்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். சித்தனைக் கையாளாக வைத்துக்கொள்ள விரும்பியவன் முதலாளி. அவன் யாருக்கும் கையாளாக இருக்கக் கூடாது என்று விரும்பியவன் சக்தி. பல்லாலும் நகத்தாலும் கொல்லும் சித்தன் யாருடைய ஆசையை நிறைவேற்றுகிறான்? ஊர் அவனைப் பற்றி என்ன நினைத்ததோ அதை ஊருக்கு முன்னால் உண்மையாக்கிக் காட்டுகிறான். மிருக வாசிப்புக்குப் படமே எழுதிக் கொடுத்த அத்தாட்சி அது. சித்தனுக்கு இழவு காக்கத் தெரியும், இறந்தவருக்குப் பாடத் தெரியும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் பிணத்துக்கு முன்னால் நின்றவன், தன்னுடையவனின் பிணத்துக்கு முன்னால் நிற்கிறான். ஆண்டியின் கதையில் ஜெயகாந்தன் தொட்ட இடம் இது. துக்கத்தை முழுதாக அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும். சண்டைக் காட்சி அதை எடுத்துக்கொண்டது.

பழிவாங்கல் இல்லாமல் இப்படி ஒரு கதையை முடிக்க முடியாது, ரசிகர் ஏற்க மாட்டார் என்பார்கள். முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஜான் ஷ்லெசிங்கர் இயக்கி 1969இல் வந்த 'மிட்நைட் கௌபாய்' இதேபோல இரண்டு ஒதுக்கப்பட்டவர்களின் நட்பைச் சொல்லும் அமெரிக்கப் படம். டெக்சாஸிலிருந்து கௌபாய் உடுப்போடு நியூயார்க் வந்து, உடலை விற்றுப் பிழைக்க நினைக்கும் ஜோ. நுரையீரல் கெட்டு, கால் விந்தி நடக்கும் சில்லறை ஏமாற்றுக்காரன் ராட்ஸோ. முதல் சந்திப்பிலேயே ராட்ஸோ ஜோவை ஏமாற்றிக் காசு பறிக்கிறான். பின்னர் அதே இருவர் இடிக்கப்படவிருக்கும் ஒரு கட்டடத்தில், குளிர்காலத்தில், சூடேற்றும் வசதி இல்லாத அறையில் சேர்ந்து வாழ்கிறார்கள். ராட்ஸோ கனவு கண்ட ஃப்ளோரிடாவுக்குப் பேருந்தில் போகிறார்கள். ஊர் வந்து சேரும் நேரத்தில் அவன் இருக்கையிலேயே இறந்துபோகிறான். பழிவாங்க அங்கே ஒரு வில்லன் இல்லை. வழியில் ஜோ தன் கௌபாய் உடுப்பைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, ஒழுங்கான வேலை தேடப் போவதாகச் சொல்கிறான். இறந்தவனைத் தோளோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். வயதுவந்தோருக்கு மட்டும் என்ற எக்ஸ் சான்றிதழோடு வந்த அந்தப் படத்துக்கு 1970இல் சிறந்த படம் உட்பட மூன்று ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. அந்த நட்பு ஜோவை அவன் போட்டிருந்த வேடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. சித்தனுக்கோ ஊர் போட்ட வேடத்தைக் கடைசிக் காட்சி நிரந்தரமாக்கிவிட்டது.

இதெல்லாம் ஒரு படத்தைப் பற்றிய தகராறுதானே, இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். 'பிதாமகன்' வந்த அதே 2003இல் மதுரையில் ஆர்.பி. அமுதன் 'பீ' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தெருவில் கிடக்கும் மலத்தை அள்ளும் ஒரு பெண்ணின் ஒரு நாள் வேலை அது. இரண்டு ஆண்டுகள் கழித்து 'மயானக் குறிப்புகள்' என்ற ஆவணப்படத்தில் அவர் சுடுகாட்டுத் தொழிலாளர்களிடம் போனார். சாதி, கூலி, குடும்பம் எல்லாவற்றோடும் பேசுகிற மனிதர்களை அங்கே பார்க்கலாம். சித்தனைப் பார்த்த கூட்டத்தில் மிகச் சிறிய பகுதிதான் அந்தப் படங்களைப் பார்த்திருக்கும். சுடுகாட்டுத் தொழிலாளி என்றதும் தமிழர்களின் நினைவில் எழும் முகம் பேசாத, உறுமுகிற, குடும்பமற்ற ஒரு முகம். நடப்பில் அவர் பேசுகிறார். கூலியை உயர்த்தச் சொல்கிறார், கையுறை கேட்கிறார், மகனுக்கு வேறு வேலை கேட்கிறார். பேசாதவன் என்று மனத்தில் பதிந்துவிட்ட ஒருவன் பேசுவதைக் கேட்க நமக்குக் காது பழகவில்லை.

சுடுகாட்டில் எல்லோரும் சமம் என்ற பொய்யும் இதே இடத்தில்தான் உயிர் வாழ்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், நிலத்துக்காரர்கள் வழிவிடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. இன்றும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாதிக்கொரு சுடுகாடு இருக்கிறது, சாதிக்கொரு பாதை இருக்கிறது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. ஆம்புலன்ஸ் உடைந்தது, ஊழியர்கள் அடிபட்டார்கள். கடைசியில் சக மருத்துவர் ஒருவரே இரவில் மண்வெட்டியை எடுத்துக் குழியில் மண் தள்ள வேண்டிவந்தது. சாவைத் தொட்டவர்களை விரட்டும் பழக்கம், அன்றைக்கு ஒருநாள் மருத்துவர்கள் மேல் திரும்பியது. தலைமுறை தலைமுறையாக அதை அனுபவிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பாலா அதற்குப் பிறகும் ஒதுக்கப்பட்டவர்களையே தேடிப் போனார். 2009இல் வந்த 'நான் கடவுள்' படத்தில் காசியிலிருந்து வரும் அகோரியும் கண் தெரியாத பிச்சைக்காரப் பெண்ணும். 2013இல் 'பரதேசி' படத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்ட கூலிகள். 'பரதேசி'யில் அவர் கூட்டமாக மனிதர்களைப் பார்த்தார். அவர்களுக்கு ஊர் இருந்தது, சிரிப்பு இருந்தது, பாட்டி இருந்தாள். அவர்களைச் சுரண்டியவர்கள் யார் என்பதும் தெளிவாக இருந்தது. சித்தனுக்குக் கொடுக்காததை அங்கே கொடுத்தார் என்று தோன்றுகிறது. ஆனாலும் பாலாவின் படம் என்றதும் மக்கள் நினைவில் முதலில் நிற்பது சித்தனின் உறுமல்தான்.

சித்தன் போன பிறகு அந்த ஊரில் கோமதி இருக்கிறாள். நண்பனைப் பறிகொடுத்த துக்கம் அவளுக்கும் உண்டு, காதலனை இழந்த மஞ்சுவைத் தேற்ற வேண்டிய பொறுப்பும் உண்டு. முதலாளி செத்தாலும் தோட்டத்துக்கு வேறொரு முதலாளி வருவான். போலீஸ் மறுபடி வரும்போது அவளிடம்தான் முதலில் வரும். இருபது ஆண்டுகளில் 'பிதாமகனை'ப் பற்றி எழுதிய நம்மில் யாரும் அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.